பங்கு வாங்கலாமா என்று கேட்கும் முன், சந்தா கட்டினார்களா என்று கேளுங்கள்

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். ஒன்று: "பங்கு மார்க்கெட்டா? அது சூதாட்டம். நமக்கு ஒத்து வராது." மற்றொன்று: "ஒரு திட்டம் இருக்கு. மாசம் பத்து விழுக்காடு கொடுக்கிறாங்க. நடத்துறது நம்ம ஆளுதான்." முதல் குரல் நம்மை எதையும் தொட விடாது. இரண்டாவது குரல் தொட்டதை எல்லாம் இழக்க வைக்கும். வேடிக்கை என்னவென்றால், பல வீடுகளில் இந்த இரண்டையும் பேசுவது ஒரே வாய்தான்.

கோவிலுக்கு நோட்டீஸ் வந்தால் கூடுகிறோம். தமிழ்ப்பள்ளிக்கு நிலம் இல்லை என்றால் குரல் கொடுக்கிறோம். அடையாள அட்டை மறுக்கப்பட்டால் மனு எழுதுகிறோம். இவை எல்லாம் உரிமைப் போராட்டம் என்று நமக்குத் தெரியும். ஆனால் சம்பளச் சிலிப்பில் 'இபிஎஃப்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதுவும் உரிமைதான். அந்த வரி காலியாக இருந்தால் யாரும் கொடி பிடிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, வயதான காலத்தில், அந்தக் காலி வரிதான் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

ஆகவே, பங்கைப் பற்றியும் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றியும் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"பங்கு என்றாலே பயமாக இருக்கிறதே?"

பயப்படக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தின் பெயர் மைக்கா ஹோல்டிங்ஸ்.

1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை, கம்பெனிப் பங்குகளில் பூமிபுத்ராக்களுக்கு 30 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. இந்தியர்களுக்கு அப்படி ஓர் இலக்கு இல்லை. 1970-இல் நம் கையில் இருந்த பங்கு 1.1 விழுக்காடு. ஒன்பதாவது மலேசியத் திட்டம் சொல்லும் கணக்குப்படி 2004-இல் 1.2 விழுக்காடு. முப்பத்து நான்கு ஆண்டுகளில் பத்தில் ஒரு விழுக்காடுதான் வளர்ச்சி!

இந்த நிலையை மாற்றுவோம் என்ற முழக்கத்தோடு 1982-இல் மைக்கா உருவானது. 1984-இல் சுமார் 66,000 பேரிடமிருந்து ஏறக்குறைய 106 மில்லியன் ரிங்கிட் திரண்டது. அவர்களில் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். தாலிக்கொடியை அடகு வைத்தும், கடன் வாங்கியும் பணம் போட்டார்கள். பிறகு நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். 1990-இல் மைக்காவுக்கு என்று ஒதுக்கப்பட்ட 10 மில்லியன் டெலிகோம் பங்குகளில் 1 மில்லியன் மட்டுமே அதன் கைக்கு வந்தது. மீதி 9 மில்லியன் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போன விவகாரம் பல ஆண்டுகள் புகைந்தது. கடைசியில் 2010-இல், பங்கு ஒன்றுக்கு 80 சென் என்று இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டப் போட்ட முதல்தான் மிச்சம். பலர் அதையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். அதே காலத்தில் ஒருவரின் இபிஎஃப் கணக்கில் 1,000 ரிங்கிட் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1980-களின் நடுவில் இபிஎஃப் 8.5 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. 1988 முதல் 1994 வரை 8 விழுக்காடு. பிறகு இறங்கி, 2002-இல் 4.25 வரை போனது. 1985 முதல் 2009 வரை எல்லா ஆண்டுகளின் இலாப ஈவையும் சேர்த்தால் அந்த 1,000 ரிங்கிட் சுமார் 5,000 ரிங்கிட்டாக ஆகியிருக்கும். மேடை இல்லை, மாலை இல்லை, முழக்கம் இல்லை. ஆனால் ஐந்து மடங்கு.

மைக்காவிலிருந்து நம் சமுதாயம் படித்த பாடம் "பங்கு வேண்டாம்" என்பது. அது தவறான பாடம் என்பது என் கருத்து. நம் ஆள், நம் கட்சி, நம் இனம் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதுதான் சரியான பாடம். பங்கைக் கண்டு பயந்தோம். கணக்குக் கேட்கப் பழகினோமா? இல்லை. அதனால்தான் மைக்காவுக்குப் பிறகும் நாற்பது திட்டங்களில் ஏமாந்தோம்.

"என்னிடம் ஒரு பங்குகூட இல்லையே, எனக்கு எதற்கு இதெல்லாம்?"

இருக்கிறது. உங்களுக்கு இபிஎஃப் கணக்கு இருந்தால் நீங்கள் ஏற்கெனவே பங்குதாரர்தான்.

ஊழியர் சேமநிதி வாரியம் 1951-இல் தொடங்கப்பட்டது. 2024 இறுதியில் அதன் சொத்து மதிப்பு 1.2 டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. அந்தப் பணம் பெட்டியில் தூங்கவில்லை. அரசாங்கப் பத்திரங்களிலும், கட்டடங்களிலும், உள்நாட்டு வெளிநாட்டுக் கம்பெனிகளின் பங்குகளிலும் போடப்பட்டிருக்கிறது. ஆர்எச்பி வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர் இபிஎஃப்தான். சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் என்ற மூன்று தோட்டக் கம்பெனிகளும் 2007-இல் ஒன்றாக இணைந்தன. அதன் தோட்டப் பிரிவுதான் இன்று எஸ்டி கத்ரி என்ற பெயரில் நடக்கிறது. அதிலும் இபிஎஃப் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. உங்கள் பாட்டி பால் வெட்டிய தோட்டம் அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்திருக்கலாம். அந்தத் தோட்டத்தில் நமக்கு வீடு கிடைக்கவில்லை. ஆனால் அதன் இலாபத்தில் ஒரு துளி, உங்கள் சந்தா வழியாக, உங்கள் கணக்குக்கு வருகிறது. அந்தத் துளியையும் எவனோ ஒரு குத்தகையாளர் தடுத்து வைத்துக்கொள்ள விடலாமா?

"முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று எப்படித் தெரியும்?"

60 வயதுக்குட்பட்ட மலேசியத் தொழிலாளிக்குச் சம்பளம் 5,000 ரிங்கிட் அல்லது அதற்குக் கீழே என்றால், முதலாளி 13 விழுக்காடு போட வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடு பிடிக்கப்படும். இரண்டும் சேர்ந்து 24. ஒரு மாதச் சம்பளத்துக்கான சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

2025 முதல் நடைமுறையில் இருக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 187, முதலாளியின் பங்கு 221, மொத்தம் மாதம் 408 ரிங்கிட். சம்பளச் சிலிப்பில் பிடித்ததாக எழுதியிருப்பது மட்டும் போதாது. கணக்கில் விழுந்திருக்க வேண்டும். அதைக் கைப்பேசியில் இபிஎஃப் செயலியிலேயே பார்க்கலாம். கைப்பேசி தெரியாதவர்கள் அடையாள அட்டையோடு எந்தக் கிளைக்கும் போகலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அப்பாவின் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகநூல் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை.

சந்தா கட்டாத முதலாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது 1991-ஆம் ஆண்டின் இபிஎஃப் சட்டம். உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டால் தண்டனை இன்னும் கடுமை: ஆறு ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம். முதலாளி தன் 13 விழுக்காட்டையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பதும் குற்றம். "இபிஎஃப் வேண்டாம், அந்தக் காசையும் கையில் தருகிறேன்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாலும் அவருடைய கடமை நீங்காது.

பள்ளியிலும் மருத்துவமனையிலும் துப்புரவு வேலை செய்யும் நம் பெண்கள், பாதுகாவலர் வேலை பார்க்கும் நம் ஆண்கள், லாரி ஓட்டும் தம்பிகள், இவர்கள்தான் இதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள். குத்தகை கைமாறும் ஒவ்வொரு முறையும் பழைய குத்தகையாளர் கடைசி மாதங்களின் சந்தாவைக் கட்டிவிட்டுத்தான் போனாரா என்று பாருங்கள். சம்பளச் சிலிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். புகார் கொடுக்கும்போது அவைதான் சாட்சி.

"ஓ.டி. செய்து நல்ல சம்பளம் வருகிறது. இபிஎஃப்பும் கூடத்தானே?"

இல்லை. பலருக்கும் தெரியாத விஷயம் இது. மிகைநேர வேலைக்குக் கிடைக்கும் பணம், இபிஎஃப் சட்டத்தின் கண்ணில் 'சம்பளம்' அல்ல. அதற்குச் சந்தா கிடையாது. அடிப்படைச் சம்பளம் 1,700, ஓ.டி. 1,300, ஆக மொத்தம் 3,000 ரிங்கிட் வாங்குகிற தொழிலாளிக்கு 1,700-க்குத்தான் சந்தா விழும். அவரும் அவர் குடும்பமும் 3,000 ரிங்கிட் வாழ்க்கைக்குப் பழகியிருப்பார்கள். முதுமைக்கு மட்டும் 1,700-க்கான சேமிப்புதான். போனசுக்கும் கமிஷனுக்கும் சந்தா உண்டு. ஓ.டி.க்கு இல்லை.

பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் தொழிலாளியின் முதுகுவலியைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. இது மாற வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மாறும் வரை, ஓ.டி. பணத்தில் ஒரு சிறு தொகையை நீங்களே விருப்பச் சந்தாவாக உங்கள் கணக்கில் போடலாம். ஐம்பது ரிங்கிட் என்றாலும் போடுங்கள்.

"சின்ன வயசுதானே, பிறகு சேர்த்துக்கொள்ளலாமே?"

இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது. மாதம் 408 ரிங்கிட் சந்தா, ஆண்டுக்கு 5 விழுக்காடு இலாப ஈவு, சம்பளம் உயரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டில் சுமார் 325,000 ரிங்கிட் சேரும். அதில் முதல் பத்து ஆண்டுகளின் சந்தா மட்டும் இல்லாமல் போனால் எவ்வளவு குறையும்? மூன்றில் ஒரு பங்கு என்றுதான் நினைப்போம். இல்லை. சுமார் 163,000 ரிங்கிட் குறையும். பாதி! ஏனென்றால் முதலில் போட்ட பணம்தான் அதிக ஆண்டுகள் குட்டி போடுகிறது.

இருபது வயதில் "கையில் சம்பளம்" என்று இபிஎஃப் இல்லாத வேலைக்குப் போகும் தம்பி, மாதம் நூறு இருநூறு அதிகம் கிடைக்கிறது என்று மகிழ்கிறான். உண்மையில் தன் முதுமையின் பாதியை அடிமாட்டு விலைக்கு விற்கிறான். அவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

"அவசரத்துக்கு இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா?"

2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, வீடு, கல்வி, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான கணக்குக்கு 15 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10 விழுக்காடு.

சோற்றுக்கு வழியில்லாதபோது எடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. கோவிட் காலத்தில், 2020 முதல் 2022 வரை, நாடு முழுவதும் சுமார் 145 பில்லியன் ரிங்கிட் எடுக்கப்பட்டது. அது தொழிலாளியின் ஊதாரித்தனம் அல்ல. மக்கள் தங்கள் முதுமையைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. ஆனால் கைப்பேசி மாற்றவும், தீபாவளிச் செலவுக்கும், மகளின் பிறந்தநாள் மண்டபத்துக்கும் எடுப்பது வேறு. முப்பது வயதில் எடுக்கும் 5,000 ரிங்கிட், 5 விழுக்காடு இலாப ஈவோடு அங்கேயே இருந்தால், அறுபதில் 21,000 ரிங்கிட்டுக்கு மேல்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இபிஎஃப்பில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் நீதிமன்றம் போனாலும் முடக்க முடியாது. சட்டம் அதற்கு வேலி போட்டிருக்கிறது. எடுத்து வங்கியில் போட்ட அடுத்த நிமிடம் அந்த வேலி இல்லை. வட்டி முதலைக்குக் கட்டுவதற்காக ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கும் முன் இதை யோசியுங்கள்.

"யூனிட் டிரஸ்ட் ஏஜெண்ட் வந்தார். இபிஎஃப் பணத்தை மாற்றினால் அதிகம் கிடைக்கும் என்கிறார்."

யூனிட் டிரஸ்ட் சட்டப்படியான முதலீடுதான். வயதுக்கு ஏற்ற அடிப்படைச் சேமிப்புக்கு மேல் ஓய்வுக்காலக் கணக்கில் இருக்கும் தொகையில் 30 விழுக்காடு வரை, அங்கீகாரம் பெற்ற நிதிகளில் போட இபிஎஃப் அனுமதிக்கிறது. அந்த அடிப்படைச் சேமிப்பு 2026 முதல் புதிய அளவுக்குப் படிப்படியாக உயர்த்தப்படுகிறது: 60 வயதில் 390,000 ரிங்கிட். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. தொட்டவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

ஏஜெண்ட் மூலம் போனால் 3 விழுக்காடு வரை விற்பனைக் கட்டணம் பிடிக்கலாம். 10,000 ரிங்கிட் மாற்றினால் 300 ரிங்கிட் முதல் நாளே போகும். மீதி 9,700. இபிஎஃப் 2024-இல் 6.30 விழுக்காடு கொடுத்தது. அந்த ஆண்டு அங்கேயே இருந்திருந்தால் 10,630 ஆகியிருக்கும். அதை எட்டிப் பிடிக்கவே உங்கள் நிதி சுமார் 9.6 விழுக்காடு வளர வேண்டும். ஆண்டுதோறும் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் வேறு. மேலும், இபிஎஃப்பின் வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு என்று சட்டம் உத்தரவாதம் தருகிறது. மாற்றிய பணத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, முதலே குறையலாம்.

ஏஜெண்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். கட்டணம் எத்தனை விழுக்காடு? கடந்த பத்து ஆண்டில் இந்த நிதி இபிஎஃப்பை எத்தனை முறை வென்றது? இதில் உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு? முகம் சுளித்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அதையும் மீறிப் போட விரும்பினால், இபிஎஃப் இணையச் சேவை வழியாக நீங்களே போடலாம். அங்கே விற்பனைக் கட்டணம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் இல்லை.

"அமானா சஹாம் நமக்கு உண்டா?"

ஏஎஸ்பி பூமிபுத்ராக்களுக்கு மட்டும். ஆனால் எல்லா மலேசியர்களும் சேரக்கூடிய அமானா சஹாம் நிதிகளும் உள்ளன. யூனிட் விலை எப்போதும் 1 ரிங்கிட், ஏற்ற இறக்கம் இல்லை. ஏஎஸ்எம் அவற்றில் ஒன்று. 2009-இல் 'அமானா சஹாம் 1மலேசியா' என்று தொடங்கி, இப்போது ஏஎஸ்எம் 3 என்று பெயர் மாறியது இன்னொன்று. 2009-இல் அதன் 10 பில்லியன் யூனிட்டுகளில் 15 விழுக்காடு இந்தியர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது.

உரிமை இல்லை என்று நாம் கத்துகிற இடங்கள் பல, அது நியாயம்தான். ஆனால் எழுதி வைத்த ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்காமல் விடுவதும் நம் பழக்கமாக இருக்கக் கூடாது. அடையாள அட்டையோடு வங்கிக்குப் போய், "ஏஎஸ்எம் யூனிட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இன்று இல்லை என்றால் அடுத்த வாரம் மீண்டும் கேளுங்கள்.

"நேரடியாகப் பங்கு வாங்கினால் என்ன?"

வாங்கலாம். பங்கு சூதாட்டம் அல்ல, ஒரு கம்பெனியில் சிறு துண்டு உரிமை. கம்பெனி சம்பாதித்தால் இலாப ஈவு வரும், விலை ஏறும். நட்டப்பட்டால் விலை இறங்கும், சில கம்பெனிகள் காணாமலும் போகும். உரிமம் பெற்ற தரகு நிறுவனத்தில் கணக்குத் திறக்க வேண்டும். பொதுவாக 100 பங்குகளாகத்தான் வாங்க முடியும். வாங்கும்போதும் விற்கும்போதும் தரகுக் கூலி உண்டு. நூறு இருநூறு ரிங்கிட்டுக்கு அடிக்கடி வாங்கி விற்றால் கூலியே தின்றுவிடும்.

ஆபத்து எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1,271 புள்ளிகளில் இருந்தது. 1998 செப்டம்பர் முதல் தேதி 262-க்கு விழுந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்கள் அதில் வீட்டை இழந்தார்கள். சொந்தப் பணத்தில், நல்ல கம்பெனியில் போட்டுக் காத்திருந்தவர்கள் பிறகு மீண்டார்கள். ஆகவே கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைக்காமல் பங்கு வாங்காதீர்கள். பத்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும் போடுங்கள். இன்னும் ஒன்று: வங்கிச் சேமிப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் பாதுகாப்பு உண்டு. பங்குக்கும் யூனிட் டிரஸ்டுக்கும் அது கிடையாது.

"மாதம் பத்து விழுக்காடு தருகிறார்களே?"

1.2 டிரில்லியன் ரிங்கிட்டை வைத்து, உலகம் முழுவதும் முதலீடு செய்யும் இபிஎஃப், 2024-இல் ஓர் ஆண்டு முழுவதற்கும் கொடுத்தது 6.30 விழுக்காடு. உங்கள் தாமானில் கடை வீட்டின் மாடியில் அலுவலகம் போட்டவர் ஒரே மாதத்தில் 10 விழுக்காடு தருகிறார் என்றால், அது இலாபம் அல்ல. உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவரின் முதல். புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் அலுவலகம் பூட்டப்படும்.

கொடுக்கும் முன் பங்குப் பத்திர ஆணையமும் பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பாருங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல திட்டம் என்று ஆகிவிடாது. உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். நாள் கடந்தால் பணம் திரும்புவது கடினம். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றுகிறவன் நம்பியிருப்பது நம் வெட்கத்தைத்தான்.

"எனக்கு முதலாளியே இல்லை, சொந்தத் தொழில்."

டாக்சி, கிராப் ஓட்டுகிறவர்கள், பூக்கடை, உணவுக் கடை வைத்திருப்பவர்கள் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்குட்பட்டவர்கள் தாங்களே போடும் தொகைக்கு அரசாங்கம் 2025 முதல் 20 விழுக்காடு சேர்க்கிறது: ஆண்டுக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட், வாழ்நாளில் 5,000 ரிங்கிட் வரை. அதாவது ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் போட்டால் 500 ரிங்கிட் கூடுதல், அதற்கு மேல் இலாப ஈவு. எந்தப் பங்கும் இப்படி முதல் நாளே 20 விழுக்காடு தராது. தகுதியுள்ள இல்லத்தரசிகளுக்கு ஐ-சூரி என்ற தனித் திட்டமும் இருக்கிறது.

"55 வயதானதும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமா?"

வேண்டாம். அங்கேயே விட்டால் 100 வயது வரை இலாப ஈவு வரும். தேவைப்படும்போது தேவையானதை மட்டும் எடுக்கலாம். மொத்தமாக எடுத்த பணத்துக்குச் சொந்தக்காரர்கள் அதிகம்: மகனின் கார், மருமகனின் வியாபாரம், மகளின் கல்யாண மண்டபம். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எழுபது வயதில் மருந்துக்குப் பிள்ளையின் கையைப் பார்த்து நிற்பது உங்களுக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம்.

"நான் போய்விட்டால் பணம் யாருக்கு?"

நீங்கள் நியமனம் செய்தவருக்கு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் யாரை நியமிக்கிறாரோ அவருக்கே பணம் சொந்தம். நியமனம் இல்லை என்றால் குடும்பம் சான்றுகளோடு அலைய வேண்டும்.

நம் சமுதாயத்தில் இது மிகப் பெரிய புண். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். இருந்தும் கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கணவர் இறந்த பிறகு, இருபது ஆண்டு உடன் வாழ்ந்த பெண் மனைவி என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாமல் கவுண்டர் முன் நிற்கிறாள். அவள் பெயரை நியமனத்தில் எழுதியிருந்தால், அந்தப் பதிவு இல்லாமலே பணம் அவளுக்குக் கிடைத்திருக்கும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அம்மா இறந்த பிறகும் மாற்றாமல் இருப்பவர்களும் பலர். இன்றே பாருங்கள். திருமணத்தையும் பதிவு செய்யுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. இபிஎஃப் சந்தா பாக்கி வைத்த குத்தகையாளருக்கு அரசாங்கக் குத்தகை கொடுக்காதே. ஓ.டி. பணத்தையும் சந்தாவுக்குள் கொண்டு வா. அமானா சஹாமில் இந்தியர்களுக்கு ஒதுக்கிய யூனிட்டுகளில் எவ்வளவு விற்றது, எவ்வளவு மிச்சம் என்று ஆண்டுதோறும் பகிரங்கமாகச் சொல். இவை பிச்சை அல்ல, கணக்கு.

ஆனால் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும் சமுதாயம், தன் முதலாளியிடமும், வாசலுக்கு வரும் ஏஜெண்டிடமும், மாலை போட்டு வரும் தலைவரிடமும் அதே கணக்கைக் கேட்க வேண்டும். 1984-இல் 66,000 பேர் பணம் கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுகூடிக் கணக்குக் கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். கடந்த பன்னிரண்டு மாதச் சந்தா கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடமும் வேலையிடத்து அண்ணனிடமும் இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பங்கு வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.